கால் அசையவில்லை, கார் பாய்ந்தது: காரணத்தை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆறு ஆண்டு ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார்; கையால் கியர் மாற்றும் வகை; 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில், ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டி, நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்காமலேயே, யாரோ பின்னாலிருந்து தள்ளியதைப்போல நான்கைந்து நொடி பாய்ந்து, 90ஐத் தொட்டு, பிறகு தானாகவே அடங்கியிருக்கிறது. இரண்டு மாதங்களில் மூன்று முறை இப்படி ஆகியிருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, கணினி பதிந்துவைக்கும் கோளாறு எண், அதாவது கோடு (code), எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உங்கள் மனைவி, நீங்கள்தான் அறியாமல் மிதித்திருப்பீர்கள் என்கிறார். காரணம் என்ன, வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் முன்னால் உங்களை உறுத்துவது வேறொன்று என்பது படிக்கும்போதே தெரிகிறது: ஓட்டுபவர் கேட்காத சக்தியை இன்ஜின் தானாகக் கொடுக்குமா, கொடுக்காதா?

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, இருபத்துநான்கு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் பட்டறை வேலையில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளைத் தேடுவதில் போனது. உங்கள் வண்டியை நான் தொடவில்லை. தொடாமல் இதுதான் காரணம் என்று சொல்பவரை, நான் உட்பட, நம்ப வேண்டாம். ஆனாலும் கேள்விக்கு நேரான விடை உண்டு. கொடுக்கும், அது நடக்கக்கூடியதுதான். ஆனால் பெட்ரோல் இன்ஜினில் அது நடப்பதற்கான வழிகள் மிகக் குறைவு, அந்த வழிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தடயம் விட்டுச் செல்பவை, மேலும் "தானாகப் பாய்கிறது" என்று சொல்லிப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நடந்திருப்பது அது அல்ல.

பெட்ரோல் இன்ஜினின் சக்தியைத் தீர்மானிப்பது பெட்ரோல் அல்ல, காற்று. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. காற்று போகும் பெருவழி த்ராட்டில் பாடி. அதற்குள் சுழலும் ஒரு வட்டத் தகடு கதவுபோலத் திறந்து மூடுகிறது. பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராக அந்தத் தகட்டை இழுத்தது. உங்கள் வண்டியில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அசைவை வெவ்வேறு வோல்ட் அளவுகளில் கணினிக்குச் சொல்கின்றன. கணினி ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு தகட்டைத் திருப்புகிறது. தகட்டின் கோணத்தை மேலும் இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. எந்த ஜோடியிலாவது இரண்டு சென்சார்களின் பேச்சு ஒத்துப்போகாவிட்டால், கணினி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும், ஸ்பிரிங் தகட்டைக் கிட்டத்தட்ட மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், விளக்கு எரியும், வண்டி ஊர்ந்துகொண்டுதான் வீடு சேரும். ஆகவே கேட்காத சக்தி வந்தது என்றால், ஒன்று அந்தத் தகடு கேட்காமல் திறந்திருக்க வேண்டும், அல்லது தகட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது இன்ஜின் அதே சக்தியைக் கொடுத்துக்கொண்டிருக்க, அதன் மேலிருந்த சுமை குறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்று பிரிப்பதுதான் வேலை.

பிரிப்பதற்கு முதல் கருவி உங்கள் வார்த்தையிலேயே இருக்கிறது: 80இலிருந்து 90, ஐந்து நொடி. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த வேக ஏற்றத்துக்கு ஏறத்தாழ 72 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஐந்து நொடியில் என்றால் 14 கிலோவாட்டுக்குச் சற்று மேல். சமதளத்தில் 80இல் சீராகப் போக இப்படிப்பட்ட காருக்கு ஏழெட்டு கிலோவாட் போதும். அதாவது நீங்கள் சொல்வது உண்மையென்றால் இன்ஜின் தன் சக்தியை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியிருக்க வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. ஒரு சின்ன ஓட்டையாலோ, அழுக்கான ஒரு சென்சாராலோ நடக்கக்கூடியதும் அல்ல. அதனால்தான் கேட்கிறேன்: 90 என்பது முள்ளைப் பார்த்துச் சொன்னதா, அல்லது பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்னதா? குற்றம் சாட்டவில்லை, அதிர்ச்சியான நேரத்தில் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. ஆனால் 83 என்பதற்கும் 90 என்பதற்கும் இடையில் நோயே மாறிவிடுகிறது.

83 என்றால் என் முதல் சந்தேகம் ஏசி. சிறிய காரின் ஏசி கம்ப்ரசர், வெயில் நேரத்தில் இரண்டு மூன்று கிலோவாட்டை இன்ஜினிலிருந்து எடுத்துக்கொள்ளும். 80இல் போக ஏழெட்டு கிலோவாட் என்று மேலே சொன்னேன். அதனோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்கு. கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் அதன் தனிக் கிளட்ச் விடுபடும் கணத்தில் அந்தச் சுமை ஒரேயடியாக இறங்குகிறது. கணினி இதை எதிர்பார்த்துத் தகட்டைச் சற்று மூட வேண்டும். த்ராட்டில் பாடியில் கரி படிந்து தகடு சோம்பலாக நகர்ந்தால் அந்த ஈடுகட்டல் தாமதமாகும். பெரிய இன்ஜின் வண்டியில் யாருக்கும் தெரியாத இந்தத் தள்ளல், 1.2 லிட்டர் வண்டியில் முதுகில் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் இரண்டரை கிலோவாட் உபரி ஐந்து நொடியில் 80ஐ 82 வரைதான் கொண்டுபோகும். அதற்குமேல் ஏசியால் முடியாது.

இதோடு சாலையையும் சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் வரும் சாலை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவது. தொப்பூர் கணவாயின் இறக்கம் எல்லோருக்கும் கண்ணில் படும், பலகையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அகலமான நெடுஞ்சாலையில் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் இறங்கும் மென்சரிவு கண்ணுக்குச் சமதளம்போலத்தான் தெரியும், அதுவும் அதற்குமுன் ஓர் ஏற்றத்தில் ஏறி வந்திருந்தால். அந்த மென்சரிவு 1,100 கிலோ வண்டிக்கு 80இல் ஏழு கிலோவாட்டுக்கு மேல் இனாமாகக் கொடுக்கிறது. ஏற்றத்துக்காக மிதித்த கால் அதே அளவில் நிற்க, சரிவு தொடங்க, அதே நேரத்தில் கம்ப்ரசரும் விடுபட, பத்து கிலோவாட் எங்கிருந்தோ வந்ததுபோல இருக்கும். மூன்று நிகழ்வுகளும் ஒரே இடத்துக்கு அருகில் நடந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியென்றால் கோளாறு வண்டியில் இருப்பதற்கான வாய்ப்பு குறைகிறது. அது இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது, என் அனுபவத்தில் மிக அதிகமாக ஏமாற்றுவது: சக்தி கூடியதாக உணரப்படும் பல சம்பவங்கள் உண்மையில் சக்தி குறைந்து மீண்ட சம்பவங்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒரு பிளக் தேய்ந்தோ, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் தடுமாறியோ, பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் சற்று இறங்கியோ இருந்தால், வண்டி ஓரிரு நொடி மெல்லத் தளரும். தளர்வது படிப்படியாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது; ஆனால் வேகம் குறையாமலிருக்கக் கால் தன்னையறியாமல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக அழுத்தியிருக்கும். கோளாறு விலகியதும் முழுச் சக்தி திரும்ப வருகிறது, கால் இன்னும் அந்தக் கூடுதல் அழுத்தத்திலேயே இருக்கிறது, வண்டி பாய்கிறது. போனது தெரியவில்லை, வந்தது மட்டும் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். நான்கு நாள் நான் ஓட்டினேன். ஐந்தாம் நாள் பிடிபட்டது. சூடேறியதும் பம்ப்புக்குப் போகும் இணைப்பில் மின்சாரம் விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் பாய்ச்சல் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தளர்ச்சி இருந்தது.

உங்கள் வண்டியில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள், வேக முள்ளோடு சேர்ந்து ஏறியதா என்பதும் முக்கியம். ஐந்தாவது கியரில், கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கும் வண்டியில், இரண்டும் பூட்டியதுபோல ஒன்றாகத்தான் ஏற முடியும்: வேகம் எட்டில் ஒரு பங்கு கூடினால் ஆர்.பி.எம்.மும் எட்டில் ஒரு பங்கு. இன்ஜின் மட்டும் கத்தி, வேகம் அப்படியே நின்றிருந்தால் அது கிளட்ச் வழுக்குவது. இன்ஜினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெரிசலில் காலை எடுத்த பிறகும் வண்டி முன்னே நகர்வது, கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்ததும் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் தொங்குவது ஆகியவை இன்றைய வண்டிகளில் புகைக்கட்டுப்பாட்டுக்காகவும், இன்ஜின் நின்றுவிடாமலிருக்கவும் கணினியில் எழுதிவைத்த நடத்தைகள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தகட்டைச் சுற்றிக்கொண்டு காற்று புகும் வழிகளுக்கு வருகிறேன். பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணைவிசை தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ் (வெற்றிடக் குழாய்) வெடித்திருக்கலாம். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மானிஃபோல்டின் கேஸ்கெட் கசியலாம். பெட்ரோல் டேங்கின் ஆவியைச் சேர்த்துவைத்து இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்ளலாம். இன்டேக் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் சிறிய கார்களில், இப்படிப் புகும் காற்றையும் கணினி நியாயமான காற்றாகவே எண்ணிப் பெட்ரோல் சேர்க்கும். ஆகவே சக்தி உண்மையிலேயே கூடும். ஆனால் எவ்வளவு என்பதே கேள்வி. த்ராட்டில் பாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால், 8 மில்லிமீட்டர் குழாயின் வாய் பரப்பளவில் அதில் நாற்பதில் ஒரு பங்கு. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, அது 800இலிருந்து 1,500க்கு ஏற்றிவிடும். நெடுஞ்சாலையில் லேசான இழுவை தரும். வண்டியைத் தூக்கி எறியாது. மேலும் இப்படிப்பட்ட கசிவு இருந்தால், பி 0507 போன்ற, ஐடிலிங் அதிகம் என்னும் கோடு நாளடைவில் விழும். சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்குகிறதா, பிரேக்கை மிதித்தால் இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

தகடு உண்மையிலேயே தானாகத் திறப்பதுதான் எல்லோரும் அஞ்சுவது. பெடல் சென்சாரின் தடம் தேய்ந்தோ, கனெக்டரில் ஈரம் புகுந்தோ, இன்ஜினின் எர்த் பட்டை துருப்பிடித்தோ தவறான வோல்ட் போனால் இது நடக்கலாம். இருபத்துநான்கு ஆண்டுகளில் நான் பார்த்த பெடல், த்ராட்டில் சென்சார் கோளாறுகளில் மிகப்பெரும்பாலானவை வண்டியைத் தளரவைத்தனவே தவிர பாயவைக்கவில்லை. இரண்டு சென்சார்கள் முரண்பட்டதும் பி 2135, பி 2138 என்னும் கோடுகளில் ஒன்று விழுந்து வண்டி ஊர்தல் நிலைக்குப் போய்விடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கோடு விழவில்லை என்பதைக் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முரண்பாடு குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் கணினி அதைப் பதிவுசெய்யும். ஒருமுறை மட்டும் தெரிந்த சில கோளாறுகள் இன்னும் உறுதிப்படாத பெண்டிங் கோடாக மட்டும் இருந்து, பிறகு சில ஓட்டங்களில் தானாக அழிந்துவிடும். உங்கள் சர்வீஸ் சென்டரில் பெண்டிங் கோடுகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் இருந்த தடயமும் போயிருக்கும்.

மின்சாரத்துக்குப் போகும் முன், குனிந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் இப்போது பரவலாகப் போடும் 7டி மேட், தடிமனும் விறைப்பும் உள்ளது. அதன்மேல் மழைக்காலத்தில் இன்னொரு ரப்பர் மேட்டையும் போடுகிறார்கள். கீழே உள்ள மேட் கொக்கியில் மாட்டப்படாமல் முன்னால் நகர்ந்தால், அதன் ஓரம் பெடலின் அடிநுனியில் ஏறிக்கொள்ளும். பெடல் திரும்பி வருவது அரைவழியில் தடைப்படும். சற்று நேரத்தில் அதிர்வில் தானாக விடுபடும். ஓட்டுபவருக்கு அப்போது தோன்றுவது, நீங்கள் எழுதியதேதான்: கால் அழுத்தவில்லை, வண்டி போகிறது, பிறகு அடங்குகிறது. சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வரும் தண்ணீர் பாட்டிலும் இதைச் செய்யும். அது பிரேக் பெடலுக்கு அடியில் போனால் இன்னும் மோசம். நான் ஒரு வண்டியில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் சோதனைக்கூலி வாங்கிய பிறகு மேட்டைக் கண்டுபிடித்தேன். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வெட்கத்தில். மேலே போட்ட கணக்குப்படி மூன்று மடங்கு சக்தி வந்தது உண்மையானால், நான் முதலில் சந்தேகிப்பது பெடல் உண்மையிலேயே அந்த அளவுக்குக் கீழே இருந்தது என்பதைத்தான். அதைக் கீழே வைத்திருந்தது காலா, மேட்டா என்பது அடுத்த கேள்வி.

உலகம் இந்த விவகாரத்தை இரண்டு முறை பெரிதாகச் சண்டைபோட்டுப் பார்த்துவிட்டது. இரண்டிலும் உங்களுக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது. முதலாவது, 1980களில் அமெரிக்காவில் ஆடி (Audi) 5000 என்னும் ஆட்டோமேட்டிக் கார். நின்ற இடத்திலிருந்து கியர் போட்டதும் வண்டி பாய்ந்துவிடுகிறது, பிரேக் கேட்பதில்லை என்று நூற்றுக்கணக்கான புகார்கள். 1986 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, பெடல் தானாகக் கீழிறங்குவதைப் படம்பிடித்துக் காட்டியது. பிறகுதான் அந்த வண்டியின் கியர்பெட்டியில் துளையிட்டு அழுத்தக் காற்றைச் செலுத்தி அதைச் செய்திருந்தார்கள் என்பது வெளிவந்தது. 1985இல் 74,000க்கு மேல் விற்ற ஆடி, 1991இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000தான் விற்றது. 1989இல் வந்த அரசு ஆய்வு, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுபவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது. பலர் இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சில வண்டிகளில் ஐடிலிங்கைச் சீராக்கும் வால்வு கோளாறாகி, வண்டிக்கு ஒரு சிறு எதிர்பாராத துள்ளலைக் கொடுத்திருந்தது, அது ஓட்டுபவரைத் திடுக்கிட வைத்திருக்கலாம், அந்தத் திடுக்கிடலில் கால் தவறான பெடலுக்குப் போயிருக்கலாம். இயந்திரம் தொடங்கிவைத்து மனிதன் முடித்துவைத்த விபத்து என்று இதைச் சொல்லலாம். உங்கள் வீட்டு விவாதத்துக்கும் இது பொருந்தும்: நீங்கள், வண்டி என்று இரண்டில் ஒன்றுதான் தப்பு செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது டொயோட்டா. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிஃபோர்னியாவின் சான்டியேகோ அருகே, டீலர் இரவலாகக் கொடுத்த, டொயோட்டாவின் ஒரு லெக்சஸ் காரில், நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி ஒருவர் உட்பட நால்வர் இறந்தார்கள். அந்த வண்டிக்கு உரியதல்லாத, வேறு மாடலின் ரப்பர் மேட் பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் அழுத்தியதில் பிரேக் கருகிப்போயிருந்தது. மேட்டுக்காகவும், பிறகு திரும்பி வராமல் ஒட்டிக்கொண்ட பெடலுக்காகவும் லட்சக்கணக்கான வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. மின்னணுக் கோளாறும் இருக்குமோ என்று நாசாவின் பொறியாளர்களிடம் ஒப்படைத்தார்கள். பத்து மாத ஆய்வின் முடிவு 2011 பிப்ரவரியில் வந்தது. த்ராட்டிலைப் பெரிதாகத் திறந்துவிடும் மின்னணுக் காரணம் எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் ஒரு பழைய வகைப் பெடல் சென்சாருக்குள், கண்ணுக்கு எளிதில் தெரியாத வெள்ளீய இழை ஒன்று வளர்ந்து இரண்டு சமிக்ஞைகளையும் தொட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். அந்த வண்டி விட்டு விட்டுத் துள்ளியிருக்கிறது. இவ்வளவு சிக்கலான அமைப்பில் தவறே இல்லை என்று எந்தச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். 2013 அக்டோபரில் ஓக்லஹோமாவில், வேறொரு டொயோட்டா கார் விபத்து வழக்கில், ஒரு ஜூரி, மென்பொருள் நிபுணர் ஒருவரின் சாட்சியத்தைக் கேட்டு, அந்த வண்டியின் மென்பொருளில் குறை இருந்ததாகத் தீர்ப்பளித்தது. மேட்டும் ஒட்டிய பெடலும் உறுதியான காரணங்கள். வெள்ளீய இழை உறுதி, ஆனால் அதன் விளைவு சிறிய துள்ளல்தான். மென்பொருள்தான் காரணம் என்பது நீதிமன்றத்தில் வென்ற வாதம், ஆய்வுக்கூடத்தில் மீண்டும் நிகழ்த்திக் காட்டப்பட்ட விபத்து அல்ல. நான் இதை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மனைவி சொல்வதற்கும் நியாயமான இடம் கொடுக்க வேண்டும். டொயோட்டா விசாரணையின்போது, விபத்துக்குள்ளான 58 வண்டிகளின் பதிவுக்கருவிகளை எடுத்துப் பார்த்ததில், 35இல் பிரேக் மிதிக்கப்படவே இல்லை. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது ஓட்டுநர் ஒருவரின் கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. கோளாறு வண்டியில்தான் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார், பதிவுகள் ஆக்சிலரேட்டரையே அவர் மிதித்ததாகக் காட்டின. இப்படித் தவறுபவர்கள் பொய் சொல்வதில்லை; கால் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மூளைக்குக் கிடைக்கும் தகவலே அவ்வளவுதான். ஆனால் இவ்வகைத் தவறு பெரும்பாலும் வண்டியைக் கிளப்பும்போதும், பின்னால் எடுக்கும்போதும், நிறுத்தும்போதும் நடப்பது. ஐந்தாவது கியரில் சீராகப் போகையில் பெடல் மாறிப்போவதற்கு வாய்ப்பு குறைவு. அங்கே நடக்கக்கூடியது வேறு: குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நெடுநேரம் ஓட்டும்போது, கால் களைத்து அதன் எடை மெல்லப் பெடலில் இறங்குவது.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஓரிரு வரி. அங்கே சக்தியைத் தீர்மானிப்பது எரிபொருள். டர்போவின் சீல் போய் இன்ஜின் ஆயில் இன்டேக்கில் புகுந்தாலோ, ஆயில் அளவு டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ, இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். வெள்ளைப் புகை மண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியென்றால், மேல் கியரில் பிரேக்கை அழுத்திக் கிளட்ச்சை விட்டு அணைத்துவிடலாம். அணையாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகுவதுதான் வழி, பானெட்டைத் திறந்து கையை விடக் கூடாது. உங்கள் பெட்ரோல் வண்டிக்கு இது நடக்காது.

இனி செய்ய வேண்டியது. மேட் இரண்டையும் எடுத்துவிட்டு, வெறுந்தரையில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் வண்டிக் கணினியின் எண்களைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, கைபேசிச் செயலியில் ஆறு எண்களை மட்டும் பதியவையுங்கள்: பெடல் நிலை, த்ராட்டில் நிலை, இன்டேக் அழுத்தம், ஆர்.பி.எம்., வேகம், குறுங்கால எரிபொருள் திருத்தம் (கணினி அந்தந்தக் கணத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு). அதற்குமேல் சேர்த்தால் இந்த மலிவுக் கருவிகள் திணறி, எண்களைத் தாமதமாகத்தான் கொடுக்கும். கைபேசியை நீங்கள் பார்க்க வேண்டாம். அது பாட்டுக்குப் பதியட்டும். வண்டியை நிறுத்தும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியைக் குடிக்கும். பாய்ச்சல் மீண்டும் வந்தால் பதிவே பேசும். பெடலும் த்ராட்டிலும் இன்டேக் அழுத்தமும் அசையாமல் வேகமும் அதோடு ஆர்.பி.எம்.மும் மட்டும் ஏறியிருந்தால் சரிவு அல்லது ஏசி. பெடலும் த்ராட்டிலும் நிற்க, இன்டேக் அழுத்தம் ஏறியிருந்தால் வேறு வழியில் காற்று. பெடல் மெல்ல மெல்ல ஏறியிருந்தால் கால் அல்லது மேட். ஒரே துள்ளலில், மனிதக் காலால் முடியாத வேகத்தில் ஏறி இறங்கியிருந்தால் சென்சார் அல்லது வயரிங். பாய்ச்சலுக்கு முன் வேகம் சற்றுத் தளர்ந்து, எரிபொருள் திருத்தமும் கலைந்திருந்தால் பம்ப், காயில், பிளக் பக்கம் போங்கள்.

அதற்கிடையில் மீண்டும் வந்தால், பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்தோடு மிதியுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது; சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜின் காது கிழியக் கத்தும். கத்தட்டும், கணினி அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஓரத்தில் நின்ற பிறகுதான் சாவியை அணைக்க வேண்டும். ஓடும்போது சாவியை முழுதாகத் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இந்த நியூட்ரல் தள்ளலை ஒரு காலியான சாலையில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், உங்கள் மனைவியும் ஓட்டுவாரென்றால் அவரும்.

விற்பது பற்றி: காரணம் தெரியாமல் விற்றால், வாங்குபவரிடம் சொல்லாமல் விற்க வேண்டியிருக்கும், அது உங்களுக்கே ஒப்பாது என்று நினைக்கிறேன். வண்டியில் தயாரிப்புக் குறை இருப்பதாகப் பதிவு காட்டினால், ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அரசின் கட்டாயத் திரும்பப்பெறல் விதி இருக்கிறது. அரசின் வண்டிப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் புகாரைப் பதியலாம், உங்கள் வண்டிக்கு இன்னும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஆறு எண்களின் பதிவோடு கொடுக்கும் புகாருக்கும், தானாகப் பாய்கிறது என்னும் ஒற்றை வரிப் புகாருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. ஏசிக்காகத் தகடு ஓரிரு சதவீதப் புள்ளி அசைவது இயல்பு. அதைத் தாண்டி, பெடல் எண் நகராமல் இருக்க, த்ராட்டில் எண் மட்டும் இருபது முப்பது புள்ளி ஏறியிருப்பதைக் கண்டால், வண்டியை அன்றே நிறுத்திவிட்டு இழுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.